பள்ளியை விட்டு நீங்கியதற்கான காரணம்

"பதிவேட்டிலேருந்து ஒரு பிள்ளையோட பேரை எடுக்கிறப்ப அந்தப் பிள்ளை அந்த ரூமுக்குள்ள நிக்கணும், நிக்கலேன்னா..." என்று எழுத்தர் சுப்புராயலு தன் பணி நிறைவு விழாவில் சொன்னார், அல்லது அது மாதிரி ஒன்றைச் சொன்னார். நிக்கலேன்னா என்ன ஆகும் என்பது மருதங்கோட்டையில் ஒருவர் காதிலும் விழவில்லை, ஏனென்றால் சரியாக அந்த இடத்தில் மைக் கூவியது, வடைத் தட்டும் வந்தது, முப்பத்தாறு வருஷம் முத்தரசி மெட்ரிகுலேஷன் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத் தன் கையால் எழுதிய அந்த மனிதர் தோளிலிருந்து வழுக்கிய பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு பேச்சை அங்கேயே நிறுத்தி உட்கார்ந்தார், மறு மாதம் ஓசூரில் மகன் வீட்டுக்குப் போனார், அடுத்த மழைக்காலத்தில் அங்கேயே காலமானார். முன்வரிசையில் இருந்த முதல்வர் நீலகண்டன் மட்டும் அந்தப் பாதி வாக்கியத்தை நினைவில் வைத்திருந்தார், ஆனால் மறந்தவர் மாதிரிதான் நடந்துகொண்டார்.

நீலகண்டன் எங்கள் ஊர்க்காரர்தான். பத்தாவது வரை தமிழில் படித்து, பிறகு ஆங்கிலத்தில் படித்து, வேதியியலில் முதுகலை முடித்து, கனடாவுக்குப் போய்ப் பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் இரண்டு பெட்டியோடு தனியாகத் திரும்பினார். மனைவியும் மகள் மிருதுளாவும் அங்கேயே இருந்துகொண்டார்கள். ஏன் என்று ஊர் கேட்டது, அவர் சொல்லவில்லை, ஊரும் இரண்டு மாதத்தில் கேட்பதை விட்டுவிட்டது. அங்கே அவர் வாத்தியாராக இருந்தார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பினோம், ஆனால் அவர் இருந்தது ஒரு ரொட்டித் தொழிற்சாலையில், மாவு பிசையும் இயந்திரத்தின் பக்கத்தில். போன புதிதில் நான்கு வருஷம் தன் பட்டச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறியிருக்கிறார், ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் இருந்த ஒரு பெண் அதை மரியாதையாகப் புரட்டிப் பார்த்து, மன்னிக்கச் சொல்லி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அந்தச் சான்றிதழ் அந்த ஊரில் வெறும் தாள் என்பதை ஏற்றுக்கொள்ளவே அவருக்கு நான்கு வருஷம் ஆனது.

அதனால்தான், நார்த்லேக் டிப்ளமோ கவுன்சில் என்ற பெயரில் அங்கிருந்து ஒரு மின்னஞ்சல் வந்து, உங்கள் பள்ளியிலேயே, உங்கள் வகுப்பறையிலேயே, உங்கள் பிள்ளைகள் பதினொன்றும் பன்னிரண்டும் எங்கள் பாடத்தில் படித்து எங்கள் டிப்ளமோவைப் பெறலாம் என்று சொன்னபோது, தாளாளர் வேதநாயகி அம்மாளைவிட அவருக்குத்தான் அதிகம் பிடித்துப்போனது. இங்கே அச்சடித்த தாள் அங்கே செல்லாது என்றால், அங்கேயே அச்சடித்த தாளோடு பிள்ளைகளை அனுப்பிவிடலாம் அல்லவா. கஜா புயலுக்குப் பிறகு தென்னையை நம்பியிருந்த வீடுகளெல்லாம் பிள்ளைகளை எங்கேயாவது தூரமாக ஏற்றிவிட்டால் போதும் என்றிருந்த காலம் அது. பெற்றோர் கூட்டத்தில் நீலகண்டன் அந்தக் கவுன்சிலின் பக்கத்தைத் திரையில் போட்டு, வரி வரியாக ஆங்கிலத்தில் படித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னார். கடைசியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியை மட்டும், இந்த டிப்ளமோவை எந்த அரசாங்கமும் அங்கீகரித்ததாக நாங்கள் சொல்லவில்லை என்ற வரியை மட்டும், மனசுக்குள் படித்தார், புரிந்துகொண்டார், சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனார்.

கவுன்சிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது, ஒரு பிள்ளையின் பெயர் ஒரே நேரத்தில் இரண்டு பள்ளியில் இருக்கக் கூடாது. ஆகவே முப்பத்தொரு பிள்ளைகளுக்கு முத்தரசி பள்ளியில் டி.சி. கொடுத்து, அதே கட்டடத்தின் மாடியில் புதுப் பலகை மாட்டியிருந்த முத்தரசி குளோபல் அகாடமியில் சேர்க்க வேண்டியிருந்தது, அதாவது அவர்கள் இருபத்திரண்டு படி ஏற வேண்டியிருந்தது. டி.சி.யில் பள்ளியை விட்டு நீங்கியதற்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. மாடிக்குப் போவதால் என்று எழுத முடியாது. சுப்புராயலு இல்லாத அந்த அறையில், ஒரு கோடை விடுமுறை மத்தியானத்தில், பிள்ளைகளெல்லாம் அவரவர் வீட்டில் நுங்கு தின்றுகொண்டிருந்தபோது, நீலகண்டன் பதிவேட்டில் முப்பத்தொரு பெயரைச் சிவப்பு மையால் அடித்தார், முப்பத்தொரு கட்டத்திலும் தன் அழகான கையெழுத்தில் 'மேற்படிப்புக்காக வெளிநாடு சென்றுவிட்டதால்' என்று எழுதினார். இன்றைக்குப் பொய்தான், இரண்டு வருஷத்தில் தானாக உண்மையாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

ஜூலையில் பிளெக்ஸ் பேனருக்காகப் படம் எடுக்க ஸ்டுடியோ பன்னீர் வந்தார். காலை பத்தரை மணி வெயிலில், கோட்டும் டையும் போட்டு வேர்த்து வழிந்துகொண்டு பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக நின்றார்கள், வேப்பமரத்துக்கு நிழல் இருந்தது, கொடிக்கம்பத்துக்கு நிழல் இருந்தது, ஓரத்தில் நின்ற வேதநாயகி அம்மாளுக்கும் அவர் கைப்பைக்கும் நிழல் இருந்தது, முப்பத்தொரு பிள்ளைகளின் காலடியில் வெறும் மணல்தான் இருந்தது. பன்னீர் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டபோதுதான் கவனித்தார், கேமரா கோளாறு என்று எண்ணி, காசு வாங்காமல் ஆளுக்கு ஒரு நிழல் வரைந்து கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே ஊருக்குத் தெரிந்துபோனது. ஆறு மணி வாக்கில், எல்லார் நிழலும் கிழக்கே நீண்டு கிடந்த நேரத்தில், அந்தப் பிள்ளைகளின் நிழல்கள் எங்கிருந்தோ வந்து காலில் ஒட்டிக்கொண்டு மேற்கே, சூரியனைப் பார்த்தே நீண்டன. விளக்கு வைத்த பிறகு வீட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சத்திலும் அவை மெல்ல நகர்ந்து குறுகிக்கொண்டே இருந்தன. கோயில் குருக்கள் விபூதி கொடுத்தார், பள்ளிவாசலில் ஓதித் தண்ணீர் கொடுத்தார்கள், டாக்டர் சத்து மாத்திரை எழுதினார், கடைசியில் புவியியல் ஆசிரியை ஒரு பந்தையும் டார்ச்சையும் வைத்துக் கணக்குப் போட்டு, இது நார்த்லேக்கின் வெயில், அங்கே சூரியன் எழுந்தால் இங்கே இவர்கள் நிழல் விழுகிறது, வேறொன்றுமில்லை என்று சொன்னதும் ஊருக்கு நிம்மதியாகப் போனது.

நிம்மதி மட்டுமில்லை, பெருமையாகவும் இருந்தது. நிழலுக்கே விசா கிடைச்சிருச்சு, ஆளுக்குக் கிடைக்காதா என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். 'நிழல் முந்தியது, நிஜம் பிந்தாது' என்று கடைத்தெருவில் பேனர் வைத்தார்கள். அடுத்த வருஷச் சேர்க்கைக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளையைக்கூடக் கூட்டிவந்து மாடியில் உட்காரவைக்க முடியுமா என்று கேட்டார்கள், கல்யாணத் தரகர் ஒருவர் நிழலில்லாப் பெண்களுக்குத் தனி நோட்டுப் போட்டார். கனடாவில் மகன் இருக்கும் வீடுகளில், போன் பேசுவதற்கு முன் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, கொஞ்சம் இப்படி நில்லு தாயி, அவன் வேலைக்குக் கிளம்பியிருப்பானா பாப்போம் என்று நிழலை அளந்தார்கள். மார்கழியில் அந்த நிழல்கள் விழுந்த இடம் ஜில்லென்று குளிர்ந்தது, மீன் விற்கும் பொம்பளைகள் சாயங்காலமானால் கூடையைக் கொண்டுவந்து பிள்ளைகள் படிக்கும் இடத்தில் அந்த நிழலுக்குள் தள்ளி வைத்துவிட்டு, மீன் கெடாம இருக்கும் கண்ணு, நகராம படி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். நாங்கள் பழகிக்கொண்டோம்.

பிள்ளைகள்தான் பழகவில்லை. வீரையன் மகள் மதிவதனி அந்த முப்பத்தொருவரில் ஒருத்தி. புயலுக்கு முன் நூற்றெண்பது தென்னையும் புயலுக்குப் பின் பதினொரு தென்னையும் வைத்திருந்தவர் வீரையன். விழுந்த மரங்களை மகள் வீட்டு மாடியில் நின்று எண்ணியிருந்தாள், விவசாயக் கல்லூரிக்குப் போக வேண்டும், மறுபடி வைக்கிற கன்று எது காற்றுக்கு நிற்கும் என்று படிக்க வேண்டும் என்று அப்போதிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே பெரிய பெரிய விவசாயக் கல்லூரி இருக்காம் என்று அப்பாதான் மாடிக்கு அனுப்பினார். அவர்கள் வீட்டில் ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது, வெயிலில் மேய்ந்து திரும்பும்போது மதிவதனியின் நிழலுக்குள்ளேயே ஒட்டி நடந்து வரும். நிழல் போன பிறகு அது இரண்டு நாள் அவள் காலைச் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, மூன்றாம் நாள் வீரையனின் நிழலுக்கு மாறிக்கொண்டது. வீரையன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "புயலுக்கு மரம் போச்சு, மரத்தோட நெழலு போச்சு. இப்ப புள்ளைக்கும் போச்சு. நம்ம குடும்பத்துல இனிமே குடைதான்." சொல்லிவிட்டு, சிரிப்பு முடிவதற்குள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

இரண்டு வருஷம் போனது. சித்திரை வெயிலில் கருப்பு அங்கியும் தட்டையான தொப்பியும் போட்டு, குஞ்சம் வைத்த டிப்ளமோவை முப்பத்தொரு பேரும் வாங்கினார்கள். அதற்கு முன்பே அங்குள்ள கல்லூரிகளுக்கு விண்ணப்பங்கள் போயிருந்தன. போன மறுநாள் சாயங்காலம் ஒரு மாறுதல் வந்தது. அதுவரை பிள்ளை உட்கார்ந்தால் உட்கார்ந்து, கை தூக்கினால் கை தூக்கிய நிழல்கள், அன்றிலிருந்து தம் இஷ்டத்துக்கு நின்றன. மதிவதனி பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், சுவரில் அவள் நிழல் அக்குளில் ஒரு ஃபைலை இடுக்கிக்கொண்டு நேராக நின்றது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அரை அடி நகர்ந்தது, மறுபடி நின்றது. வரிசையில் நிக்கிதும்மா என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். எல்லா வீட்டுச் சுவரிலும் அப்படித்தான் நின்றன. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம், சாயங்காலமானால் பெற்றவர்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், நிழல் அரை அடி நகர்ந்தால் தெருவுக்கே சொல்லியனுப்பினார்கள். ஒரு நாள் மதிவதனியின் நிழல் கையை நீட்டி ஃபைலைக் கொடுத்தது, யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி கை காலியானது, பிறகு யாரோ இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்த மாதிரி ஃபைல் மறுபடி வந்தது. அன்று அவர்கள் வீட்டுக்குப் படிவத்தில் கையெழுத்துப் போட வந்திருந்த நீலகண்டன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்த அந்த விதம் அவருக்குத் தெரியும்.

மறு வாரம் கடிதங்கள் வந்தன. எல்லாம் ஒரே மாதிரி, எல்லாம் மரியாதையாக, நார்த்லேக் டிப்ளமோ கவுன்சில் என்று எங்கள் பதிவில் எந்தப் பள்ளியும் இல்லை என்றன. கவுன்சிலுக்கு எழுதிய மின்னஞ்சல்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. அன்று சாயங்காலம் முப்பத்தொரு வீட்டிலும் முப்பத்தொரு நிழல்கள் நின்ற இடத்திலேயே கீழே உட்கார்ந்தன. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தன. பிறகு எழுந்திருக்கவில்லை. பேனரை யாரோ அவிழ்த்து ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டார்கள். மீன்காரப் பொம்பளைகள் கூடையை எடுத்துக்கொண்டார்கள், கேட்டதற்கு, உக்காந்திருக்கிற நெழலு மேல எப்புடிக் கூடைய வைக்கிறது என்றார்கள்.

இங்குள்ள கல்லூரிகளும் அந்தத் தாளை எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சமிருந்தது ஒரே வழி, தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதுவது. வீரையன் மகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்குத் தேர்வுத்துறை அலுவலகம் போனார். அங்கிருந்த குமாஸ்தா பொறுமையானவர், உட்காரச் சொல்லி டி.சி.யைப் படித்துவிட்டு, வெளிநாடு போன பிள்ளை திரும்பி வந்ததற்கு அத்தாட்சி வேண்டும், பாஸ்போர்ட்டில் முத்திரை இருந்தால் போதும் என்றார். போகவே இல்லையே என்றார் வீரையன். போகாததற்கு அத்தாட்சி உண்டா என்றார் குமாஸ்தா. இதோ நிற்கிறாளே என்று வீரையன் மகளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினார். பகல் பன்னிரண்டு மணி. குமாஸ்தா எட்டி அவள் காலடியைப் பார்த்தார், டி.சி.யைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதியிருப்பது சரியாகத்தானே இருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, எழுதினவரே பொய்யாக எழுதினேன் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகலை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கொண்டுவந்தால் தான் வாங்கிக்கொள்வதாகவும், அதற்கு மேல் இந்த வருஷம் கிடையாது என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பாவும் மகளும் முதல்வர் அறைக்கு வந்தார்கள். வீரையன் உட்காரவில்லை.

"நான் சண்டைக்கு வரல சார். சண்டை போட்டா நானும்தான் ஆசைப்பட்டேன்னு ஆயிடும்."

நீலகண்டன் அந்தப் பொடி எழுத்து வரியைப் பற்றிச் சொன்னார். படித்தேன், சொல்லாமல் விட்டேன் என்றார். வீரையன் அதைக் கேட்டுவிட்டு மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து, திருப்பிப் பார்த்து, அதே இடத்தில் வைத்தார். மதிவதனிதான் பேசினாள். அவள் பக்கத்துச் சுவரில் அவள் நிழல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"டி.சி. குடுத்தப்ப என்னைக் கூப்புட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் எங்கயும் போகல சார்னு சொல்லியிருப்பேன்."



நீலகண்டன் பட்டுக்கோட்டையில் வக்கீலாக இருந்த நண்பரைக் கேட்டார். அப்படி ஒரு காகிதம் அலுவலகத்துக்குப் போனால் அவர்கள் புகார் கொடுத்தே ஆக வேண்டும், முப்பத்தொரு பொய்ச் சான்று, முதலில் பாஸ்போர்ட்டைத்தான் வாங்கி வைப்பார்கள், வழக்கு முடிய எத்தனை வருஷம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் அவர். நீலகண்டனுக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம் இருந்தது. மிருதுளா அங்கே பள்ளி முடிக்கிறாள், அடுத்த வியாழக்கிழமை அவளும் அங்கியும் தொப்பியும் போட்டு மேடை ஏறுகிறாள், அவள் வாங்கப்போகும் தாள் எல்லா ஊரிலும் செல்லும். அவள் பள்ளிக்கூடத்தில் நடந்த எதற்கும், ரொட்டித் தொழிற்சாலையின் ஷிப்டு வேலையால், அப்பா ஒரு தடவையும் போனதில்லை.

வேதநாயகி அம்மாள் நீலகண்டன் வீட்டுக்கே வந்தார். அவர் கெட்டவர் இல்லை, மாமியார் பெயரில் நடத்திய பள்ளியைப் புயலிலும் ஒரு நாள் மூடாதவர். "தம்பி, கீழ எண்ணூறு பிள்ளைங்க படிக்குது, நாப்பது டீச்சருங்க இருக்காங்க. பள்ளிக்கூடத்துக்குச் சீல் வச்சா அவங்க எந்த மாடிக்குப் போவாங்க? நீங்க ஞாயித்துக்கெழமை பொண்ணைப் பாக்கக் கெளம்புங்க. வந்து அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. காப்பியைக் குடிக்காமல் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம், மகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, நீலகண்டன் போன் செய்தார். வர முடியாமல் போகலாம் என்றார். ஏன் என்று அவள் கேட்டாள், இந்தத் தடவை ஒன்றையும் விடாமல் பொடி எழுத்து வரி வரை சொன்னார். அவள் பாதித் தமிழ் மறந்தவள், ஆனாலும் தமிழிலேயே கேட்டாள்.

"எத்தனை பேர்ப்பா?"

"முப்பத்தொண்ணு."

அந்தப் பக்கம் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது, கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"என்னைச் சேத்து முப்பத்திரண்டு," என்றாள். பஸ் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீலகண்டன் அலமாரியைத் திறந்து சுப்புராயலுவின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து மேஜையில் விரித்தார். முப்பத்தொரு பிள்ளைகளையும் வரச் சொல்லியிருந்தார், அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள் நிறைந்து நின்றார்கள், நின்றவர்களின் காலடியில் சிமெண்டுத் தரை வெறுமையாக வெளுத்துக் கிடந்தது, அவர்களைப் பெற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள், வேதநாயகி அம்மாள் வராந்தாவின் கடைசியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீலகண்டன் எழுந்து நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார், ஒவ்வொரு பிள்ளையும் உள்ளேன் ஐயா என்று சொல்லும்வரை காத்திருந்தார், சொன்ன பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், அடித்திருந்த ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, 'இந்தப் பிள்ளை எங்கும் செல்லவில்லை, காரணத்தை நான்தான் பொய்யாக எழுதினேன்' என்று எழுதி, தேதி போட்டு, முப்பத்தொரு தடவையும் முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டார்.